மலை மறைத்த வீடுகள்

கோடை விடுமுறை மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாரும் வீடு திரும்பிய பின்பு, ஒரு சிறுமி மட்டும் ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து தடித்த நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். அழைத்துச் செல்ல அவள் தந்தை இன்னும் வந்து சேரவில்லை. என்ன நூல் என்று கேட்டேன். ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் கதை வரிசையில் ஏழாவது, இறுதி நூல் என்றாள். அதன் கதையையும் விரிவாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். இங்கிலாந்தின் தென்மேற்குச் சிற்றூர்களில், சாதாரண மக்களின் வீடுகளுக்கு நடுவிலேயே மந்திரவாதிக் குடும்பங்கள் மறைந்து வாழ்கின்றனவாம். அடுத்த வீட்டாருக்கும் அது தெரியாதாம்.

சொல்லி முடித்தவள் நிமிர்ந்து பார்த்து, “நம்ம ஊர்ப் பக்கம் அப்படி ஓர் இடம் இருக்கா, ஃபாதர்?” என்று கேட்டாள்.

“இருக்குதம்மா, நீலகிரி” என்று சொல்ல வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன். அதற்குள் அவள் தந்தையும் வந்துவிட்டார். ஆனால் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. மரத்தடியில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கத்தக்க விடை அதற்கு இல்லை. மகிழ்ச்சியான விடையும் இல்லை. அச்சிறுமிக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கதையில் ஒரு நாடு

முதலில் அவள் படித்த கதையைக் காண்போம். 1997 முதல் 2007 வரை வெளிவந்த அந்த ஏழு நூல்களில், மந்திரம் அறிந்தோர் தங்களைப் பிறர் கண்ணினின்று மறைத்துக்கொள்ள 1689ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்துகொண்டதாக ஆசிரியர் புனைந்துள்ளார். அதன் பிறகு அவர்கள் நாட்டுப்புறச் சிற்றூர்களில் கூட்டமாகக் குடியேறினார்களாம். காட்ரிக்ஸ் ஹாலோ, ஆட்டரி செயின்ட் காட்ச்போல், கார்ன்வாலில் உள்ள டின்வொர்த் என அவற்றுக்குப் பெயர்களும் தந்துள்ளார். இவை கற்பனை ஊர்கள். எனினும் டெவன் மாவட்டத்தில் ஆட்டரி செயின்ட் மேரி என்றோர் உண்மை ஊர் உண்டு. அம்மாவட்டத் தலைநகரான எக்ஸிட்டரின் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் ரௌலிங்.

அந்தக் கற்பனைச் சட்டத்துக்கு ஏழாண்டுகள் முன்பு, அதே எக்ஸிட்டர் நகரில் உண்மையாகவே நடந்ததொன்றை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. 1682ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், டெவனின் பிட்ஃபோர்டு என்னும் துறைமுக ஊரைச் சேர்ந்த டெம்பரன்ஸ் லாய்டு, மேரி டிரெம்பிள்ஸ், சூசன்னா எட்வர்ட்ஸ் ஆகிய மூன்று பெண்கள் சூனியக்காரிகள் என்று தீர்ப்பிடப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்கள். இங்கிலாந்தில் இக்குற்றத்துக்காகக் கடைசியாகக் கொல்லப்பட்டவர்களுள் இவர்களும் அடங்குவர். மூவரும் ஏழைகள். ஊராரின் தயவில் காலம் தள்ளியவர்கள். ஊரில் ஒரு பெண்ணுக்குக் காரணம் தெரியாத நோய் வந்தது. காரணம் தேவைப்பட்டது. காரணமாகக் காட்டுவதற்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

கதையில் மந்திரக் குடும்பங்கள் நாட்டுப்புறத்தில் மறைந்து இன்பமாக வாழ்கின்றன. வரலாற்றில் அதே நாட்டுப்புறத்தில் மந்திரம் அறியாத எளியவர்கள் மந்திரத்தின் பெயரால் மடிந்தார்கள். கற்பனை ஒன்றுதான், அது நூலில் இருக்கிறதா, ஊரில் இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு. நீலகிரியின் வரலாறும் இதுவே. அம்மலைக்கு ஏறிய இரு பாதைகளை நம் மயிலையையும் அடையாற்றையும் நினையாமல் சொல்ல முடியாது.

தொலைந்த கிறிஸ்தவர்களைத் தேடி

போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு வந்தது மிளகுக்காக மட்டும் அன்று. கிழக்கே எங்கோ பிரஸ்டர் ஜான் என்னும் கிறிஸ்தவப் பேரரசர் மறைந்து வாழ்கிறார் என்ற நம்பிக்கை 12ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. அந்த ஆவலின் வேகத்தில், 1498இல் கள்ளிக்கோட்டையில் இறங்கிய வாஸ்கோ ட காமாவும் அவருடன் வந்தோரும் ஓர் இந்துக் கோவிலைக் கிறிஸ்தவ ஆலயம் என்றே எண்ணிச் செபித்தார்கள். காண விரும்பியதைக் கண் கண்டுவிட்டது.

தூய தோமாவின் கல்லறையைத் தேடி அவர்கள் மயிலைக்கு வந்ததும் இதே தேடலின் தொடர்ச்சியே. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பார்போசா, இங்கே ஆலயம் பாழ்பட்டுக் கிடந்ததையும் ஏழை இசுலாமியர் ஒருவர் அதில் விளக்கேற்றிக் காத்துவந்ததையும் பதிவு செய்துள்ளார். கல்லறை இருந்தது. விளக்கும் இருந்தது. அந்த மரபைச் சேர்ந்த மக்கள் எங்கே போனார்கள் என்ற வினா எஞ்சியது. மலையாளக் கரையில் தோமா கிறிஸ்தவர்கள் பெருந்திரளாக வாழ்ந்துவந்தார்கள். அவர்களுள் சிலர் முற்காலத் துன்பங்களுக்கு அஞ்சி மலைகளுக்குள் ஓடி மறைந்திருக்கலாம் என்ற பேச்சு அங்கே உலவியது. தோடமலை என்னும் உயர்ந்த மலையில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் வாழ்கிறார்கள் என்பது அப்பேச்சின் முடிவு.

அங்கமாலியின் ஆயர், இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ்கு ரோஸ், இதனை ஆராய 1602இல் சிலரை அனுப்பினார். மறு ஆண்டில் யாக்கோமோ ஃபெனிசியோ என்னும் இத்தாலிய இயேசு சபைக் குரு மலையேறினார். 1606இல் மயிலை மறைமாவட்டம் உருவாவதற்கு மூன்றாண்டுகள் முன்பு நடந்தது இது. கள்ளிக்கோட்டையில் பணியாற்றிவந்த அவர் மேற்குச் சரிவின் காடுகளைக் கடந்து நீலகிரியின் உச்சிச் சமவெளியை அடைந்து, அங்கே படகர்களையும் தோடர்களையும் கண்டார். தோடரைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் நேரில் கண்டு எழுதிய மிகப் பழைய சான்று அவருடைய கடிதமே.

ஃபெனிசியோ என்ன கண்டார்? எருமை மந்தைகளைத் தங்கள் வாழ்வின் மையமாகக் கொண்ட மக்களைக் கண்டார். எருமைகளுக்கென்றே நோன்பிருக்கும் அவர்களுடைய பூசகரோடு உரையாடினார். அவர்களுடைய மணமுறைகளைக் கேட்டறிந்தார். அவர்களுக்குக் கண்ணாடிகளைப் பரிசாகக் கொடுத்தார். கிறிஸ்தவத்தின் தடயம் எதையும் அவர் காணவில்லை. ஆயர் அனுப்பிய குரு, ஆயர்குடி ஒன்றைக் கண்டு திரும்பினார், அவ்வளவே.

இதில் வியப்புக்குரியது அவர் கண்டது அன்று. கண்டதை எழுதிய விதமே. மறைந்த கிறிஸ்தவர்களைக் கண்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஆயர் மகிழ்ந்திருப்பார்; உரோமை வரை அந்தச் செய்தி பரவியிருக்கும். நீண்ட தாடியையும் போர்வையையும் வைத்தே கதை புனைவது கடினமாக இருந்திராது. பிற்காலத்தில் பலர் அதைத்தான் செய்தார்கள். ஃபெனிசியோ செய்யவில்லை. தேடி வந்தவர்கள் இவர்கள் அல்லர் என்று எழுதினார். தம் விருப்பத்துக்கு அவர்கள் முகத்தை அவர் பலியிடவில்லை. அவர் கொடுத்துவந்த கண்ணாடியில் தோடர்கள் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டார்கள். அவரும் அவர்களிடம் தம் முகத்தைத் தேடாமல் அவர்கள் முகத்தையே பார்த்தார்.

அடையாற்றிலிருந்து உதகைக்கு

ஃபெனிசியோவுக்குப் பின் இரு நூற்றாண்டுகள் அம்மலையை வெளியுலகம் மறந்திருந்தது. 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறிய பிறகு உதகமண்டலம் வெள்ளையரின் குளிர்வாசத் தலமாயிற்று. அதனோடு கதைகளும் வளர்ந்தன. தோடரின் உயரத்தையும் மூக்கையும் தாடியையும் பார்த்து, இவர்கள் உரோமரோ, இசுரயேலின் தொலைந்த குலத்தாரோ என்றெல்லாம் எழுதினார்கள். திராவிட மொழி ஒன்றைப் பேசுகின்ற, எருமை மேய்க்கின்ற, அம்மலைக்கே உரிய மக்கள் என்ற எளிய உண்மை யாருக்கும் போதவில்லை.

இந்நிலையில்தான் அடையாற்றிலிருந்து ஒருவர் உதகைக்குச் சென்றார். 1875இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற பிரம்மஞான சபை, 1882 டிசம்பரில் தன் தலைமையிடத்தை அடையாறு ஆற்றின் கரையில் இருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்துக்கு மாற்றியது. இன்றும் அச்சபை அங்கேதான் இருக்கிறது. 1989இல் தாய்மரம் சாய்ந்த பின்னும் விழுதுகளால் நிற்கும் பழைய ஆலமரத்தைக் காணச் சென்ற வாசகர்கள் பலர் இருப்பீர்கள். சபையை நிறுவியவர்களுள் ஒருவரான ஹெலனா பிளாவட்ஸ்கி அம்மையாரின் போதனையில், மகாத்மாக்கள் எனப்படுவோர்க்குத் தலையாய இடம் உண்டு. இமயத்துக்கு அப்பால், பிறர் அறியாமல் வாழ்ந்து, அரிய ஆற்றல்களால் உலகைக் கண்காணிக்கும் ஞானியர் கூட்டம் அது. மொரியா, கூட் ஹூமி என்போர் அவர்களுள் முதன்மையானோர். அடையாற்று இல்லத்தில் அவர்களிடமிருந்து கடிதங்கள் அற்புதமான முறையில் வந்து சேர்வதாகச் சொல்லப்பட்டது.

அக்கடிதங்களைப் பற்றிய வழக்கு நெடியது. 1884 செப்டம்பரில் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழ், அவை மனிதக் கைவேலை என்று காட்டும் சான்றுகளை வெளியிட்டது. இலண்டன் உளவியல் ஆய்வுக் கழகத்தின் சார்பில் விசாரித்த ரிச்சர்டு ஹாட்ஜ்சனின் 1885ஆம் ஆண்டு அறிக்கை அம்மையாரை வன்மையாகக் கண்டித்தது. நூறாண்டுகளுக்குப் பின், 1986இல், அதே கழகத்தைச் சேர்ந்த வெர்னன் ஹாரிசன் அந்த அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று வாதிட்டார். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 1883ஆம் ஆண்டு கோடையின் பிற்பகுதியில் அம்மையார் உதகையில் தளபதி மோர்கன் குடும்பத்தாரின் விருந்தினராகத் தங்கியதே என் கட்டுரைக்கு வேண்டியது.

அங்கே கேட்டதையும் கண்டதையும் வைத்து, நீலமலையின் மர்மக் குடிகள் என்ற பொருளில் ஒரு நெடுந்தொடரை அவர் உருசிய மொழியில் எழுதினார். மாஸ்கோவின் ருஸ்கி வெஸ்ட்னிக் இதழில் 1884-85இல் அது வெளிவந்தது. அதில் தோடர்கள் பொய்யறியாத, மேன்மையான, யாரும் அறியா மூலத்தையும் நன்மை செய்யும் மறைவான ஆற்றலையும் கொண்ட மக்களாகக் காட்டப்படுகிறார்கள். அவர்களுக்கு எதிர்முனையில் முள்ளுக் குறும்பர் நிறுத்தப்படுகிறார்கள். குள்ள உருவம், காட்டு வாழ்க்கை, பார்வையாலேயே ஆளைக் கொல்லும் தீய மந்திரம் ஆகியவை அவர்களுக்கு ஏற்றிச் சொல்லப்படுகின்றன. நல்ல மந்திரக் குடும்பங்கள் மலையுச்சியில். தீய மந்திரக் குடும்பங்கள் சரிவின் இருட்டில். நம் சிறுமி படித்த நூலில் வருவது போன்ற அமைப்பு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இது கதை என்று சொல்லப்படவில்லை. இதில் வந்தவர்கள் உயிரோடு இருந்த மனிதர்கள்.

நாற்பத்தெட்டுப் பேர்

அம்மையார் இக்கதையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குறும்பரைப் பற்றிய அச்சம் மலைமக்களிடையே நெடுங்காலமாக இருந்ததுதான். பெரும்பாலும் அவ்வச்சத்துக்கு உள்ளானோர் கிழக்கு, தெற்குச் சரிவுகளில் வாழ்ந்த ஆலுக் குறும்பர். அவர்கள் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் சிறு நிலம் திருத்தித் தானியம் விதைத்தும் வாழ்ந்தார்கள். உச்சியில் பயிர் செய்த படகர்கள் தங்கள் வயலில் முதல் விதையை விதைக்கக் குறும்பரை அழைப்பது வழக்கம். ஊருக்குத் தீங்கு வராமல் காக்க அவருக்குத் தானியம் அளந்து கொடுப்பதும் உண்டு. காப்பதற்கு ஆற்றல் உள்ளவனுக்குக் கெடுப்பதற்கும் ஆற்றல் இருக்கும் அல்லவா? அச்சம் இந்த இடத்தில்தான் முளைவிட்டது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சரிவுக் காடுகள் காய்ச்சலுக்குப் பேர்போனவை. மேலிருந்து இறங்கியவர்கள் நோயோடு திரும்பிய இடங்களில் குறும்பர்கள் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அவர்களுடைய குடிசைகள் மரங்களுக்குள் மறைந்திருந்தன. வேண்டும்போது வந்தார்கள், வேண்டாதபோது காணவில்லை. நாம் அறியாத இடத்தில் வாழ்கிறவனைப் பற்றி நாம் அறியாததையெல்லாம் நம்பிவிடுவது மனித இயல்பு.

ஊரில் கொள்ளைநோய் வந்து பிள்ளைகள் இறந்தபோது, மாடுகள் மடிந்தபோது, அந்த நம்பிக்கை கத்தியாயிற்று. 1835ஆம் ஆண்டில் நீலகிரியில் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகள் பதிவு செய்கின்றன. 1875இலும் 1882இலும் மேலும் சிலர் கொல்லப்பட்டார்கள். அடையாற்று அம்மையார் உதகைக்கு வந்தது இந்தக் கடைசிக் கொலைகளுக்கு அடுத்த ஆண்டு என்பதைக் கவனியுங்கள். 1900ஆம் ஆண்டில் ஒரு குறும்பர் குடும்பம் முழுவதுமாக அழிக்கப்பட்டது. அக்குடும்பத் தலைவர் மருந்து அறிந்தவர் என்று பெயர் பெற்றவர். ஒரு படகர் ஊருக்கு நோயையும் சாவையும் கொண்டுவந்தவர் அவரே என்று நம்பினார்கள். சுற்றுவட்டாரம் முழுவதும் கொன்றவர்கள் பக்கம் இருந்ததால் உண்மையை வெளிக்கொணர்வதே அரிதாயிற்று. குற்றம் சாட்டப்பட்டோர் விடுதலை ஆனார்கள்.

இதைப் படித்து அம்மலை வாழ் உழவர்களைக் கொடியவர்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த துயரம் எல்லா இனத்தாருக்கும் ஒன்றே. துயரம் ஒரு முகவரியைத் தேடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு முகவரி இல்லை. காட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு உண்டு.

1682இல் பிட்ஃபோர்டு, 1835இல் நீலகிரி. இடையில் 150 ஆண்டுகளும் கடல்களும் உள்ளன. ஆயினும் நடந்தது ஒன்றே.

நம் பக்கத்துக் கணக்கு

இவ்வளவும் எழுதிவிட்டு, திருச்சபையின் கணக்கைத் திறக்காமல் விடுவது நேர்மை ஆகாது. 1484இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் வெளியிட்ட ஆணை, செருமானிய நாடுகளில் சூனியக்காரரை விசாரிக்கும் அதிகாரத்தை உறுதி செய்தது. அதனைப் பெற்ற தோமினிக்கன் துறவி ஹைன்ரிக் கிராமர், சில ஆண்டுகளுக்குள் சூனிய வேட்டைக்கென்றே ஒரு நூல் எழுதினார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் கத்தோலிக்க நாடுகளிலும் சீர்திருத்தச் சபை நாடுகளிலும் சேர்த்து நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. பெரும்பாலோர் பெண்கள்.

அந்த இருளில் குரல் எழுப்பியோரும் உண்டு. இயேசு சபைக் குருவும் கவிஞருமான ஃபிரிட்ரிக் ஸ்பே அவர்களுள் ஒருவர். 1631இல் தம் பெயரை மறைத்து அவர் வெளியிட்ட நூலின் வாதம் எளியது. சித்திரவதை செய்யும் வரை சூனியக்காரி இல்லை. சித்திரவதைதான் அவளை உண்டாக்குகிறது. அவரை விசாரித்தது போல விசாரித்தால் நீதிபதியும் குருவும்கூடக் குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள். இவ்வாறு எழுதியவர், நான்காண்டுகளுக்குப் பின் திரியர் நகரில் கொள்ளைநோயுற்ற போர்வீரர்களைப் பேணும்போது அந்நோய் தொற்றி இறந்தார். நோய்க்குக் காரணம் காட்ட ஆள் தேடாமல், நோயாளியின் அருகில் போய் அமர்ந்தவர் அவர்.

ஸ்பே அடிகளாரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயம் எழுகிறது. ஏனென்றால் என் கணக்கிலும் ஒரு வரி இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, ஓர் இளந்தம்பதியர் தம் தாயாருடன் என்னிடம் வந்தார்கள். அவர்களுடைய முதல் குழந்தை பிறந்து சில நாள்களில் இறந்துவிட்டது. தெருக்கோடியில் இருக்கும் கைம்பெண்தான் ஏதோ செய்துவிட்டாள் என்றார் தாயார். அந்த முதியவள் குழந்தைகளுக்கு உரைமருந்து கொடுப்பவள்; தொக்கம் எடுப்பவள். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கை மருந்தில் வளர்ந்தவர்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு அவளும் பார்க்க வந்திருக்கிறாள். “வீட்டை மந்திரிச்சுக் குடுங்க சாமி” என்று அழுதார்கள். அழுகையைக் கண்டு மனம் இளகிப் போனேன். செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, வாசலில் சிலுவை வரைந்துவிட்டு வந்தேன். அந்த முதியவளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. துயருற்றவர்களிடம் வாதிடுவது முறையன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் சொல்லாததைத் தெரு தன் விருப்பம்போல் பொருள்கொண்டது. சாமியாரே வந்து தீர்த்தம் தெளித்தார் என்றால் அங்கே ஏதோ இருக்கத்தானே செய்கிறது? தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் விலகி நின்றார்கள். மருந்துக்கு யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், தூணோரம் அமர்வது அவள் வழக்கம். ஒரு ஞாயிறு அந்த இடம் காலியாக இருந்தது. மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

பிறவிக் குருடர் ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் கேட்ட நிகழ்ச்சியை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். இவரும் இல்லை, இவர் பெற்றோரும் இல்லை என்று ஆண்டவர் அக்கேள்வியையே தள்ளிவிட்டார். குருமடத்தில் படித்தது எனக்கு நினைவில் இருந்தது. தேவையான அந்த மாலையில் மட்டும் நாவில் வரவில்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: “உங்கள் குழந்தையின் இறப்புக்கு அந்த அம்மா காரணம் இல்லை.” அதைச் சொல்ல இறையியல் பட்டம் தேவைப்பட்டிராது.

பெயர் சொல்லி அறிதல்

நீலகிரிக்குத் திரும்புவோம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவரும் ஆய்வாளருமான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் அங்கே தங்கினார். தோடரின் மூலம் உரோமையா, இசுரயேலா என்று அவர் ஆராயப் புகவில்லை. வீடு வீடாக, இவர் பெயர் என்ன, இவர் தந்தை யார், தாய் யார், யாரை மணந்தார் என்று கேட்டு எழுதினார். 1906இல் வெளிவந்த அவருடைய ‘தோடர்கள்’ என்னும் பெருநூலில் அக்குடும்பங்களின் வழிமுறைப் பட்டியல்கள் எழுபதுக்கு மேல் உள்ளன. ஃபெனிசியோவின் கடிதத்தையும் அதே நூலின் பிற்சேர்க்கையில் மொழிபெயர்த்துத் தந்தார். கண்டதை மட்டும் எழுதிய குருவின் கடிதம், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் தனக்கேற்ற இடத்தில் வந்து சேர்ந்தது. ரிவர்சின் நூலிலும் பிழைகள் உண்டு என்று பின்வந்த ஆய்வாளர்கள் திருத்தியுள்ளனர். எனினும் மர்மக் குடிகள் என்ற திரையை விலக்கி, பெயருள்ள மனிதர்களை அவர் முன்னிறுத்தினார்.

மறைவுக்கு மருந்து வெளிச்சம் அன்று, அறிமுகம். பெயர் தெரிந்த வீட்டைப் பற்றிப் பொய் நம்புவது சற்றுக் கடினம்.

இன்று தோடர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அவர்களுடைய சிவப்பு, கறுப்பு நூல் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறும்பர்கள் தமிழ்நாட்டின் ஆறு தொல்பழங்குடிகளுள் ஒருவர். 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டத்துக்குப் பின் காடு அவர்கள் கையைவிட்டு மெல்ல நழுவிற்று. காப்பி, தேயிலைத் தோட்டங்களில் பலர் கூலிகளானார்கள். இன்றும் உயர்ந்த பாறைகளில் கயிற்றில் தொங்கித் தேன் எடுப்பவர்கள் அவர்களுள் உண்டு. பார்வையால் கொல்லும் ஆற்றல் அவர்களிடம் இருந்திருந்தால், 1835இல் 48 பேர் அப்படிச் செத்திருக்க மாட்டார்கள், காட்டையும் இழந்திருக்க மாட்டார்கள். இந்த எளிய நியாயம் அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இது மலையில் மட்டும் நடக்கும் செய்தி அன்று. சூனியப் பழி சுமத்துவதைத் தடுக்கப் பீகார் 1999இலும், சார்க்கண்டு 2001இலும், ஒடிசா 2013இலும் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நம் மாநகரத்தில் கொலை வரை போவதில்லை. குழாயடி வரை போகிறது. செய்வினை, ஏவல் எடுத்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரத் தாள்கள் நம் தெருச் சுவர்களில் ஒட்டப்படுகின்றன. படித்தவர்களும் நின்று எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்குப் பின்னும் யாரோ ஒரு நாத்தனார், யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரி, தெருக்கோடியில் ஒரு முதியவள் குற்றவாளியாகக் காத்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு அச்சிறுமி மீண்டும் என்னிடம் வந்து, “நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலியே ஃபாதர்” என்றாள். மந்திரக் குடும்பங்கள் மறைந்து வாழ்வதாக மக்கள் நம்பிய மலை ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது என்றேன். கண்கள் விரிந்தன. அங்கே வாழ்பவர்கள் தேன் எடுக்கிறவர்கள், எருமை மேய்க்கிறவர்கள், நம்மைப் போன்றவர்கள்தாம் என்றும், அப்படி நம்பியதால் அவர்களுள் பலர் மிகவும் துன்பப்பட்டார்கள் என்றும் சொன்னேன். கொலையைப் பற்றிச் சொல்லவில்லை. வளர்ந்த பின் தெரிந்துகொள்வாள்.

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பின்பு, “அவங்க பேரெல்லாம் என்ன ஃபாதர்?” என்று கேட்டாள்.

1835இல் இறந்த நாற்பத்தெட்டுப் பேரில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. தெருக்கோடியில் இருந்த அந்த முதியவளின் பெயர் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. நாள்தோறும் திருப்பலியில், உயிரோடு இருப்போர்க்காகவும் இறந்தோர்க்காகவும் வேண்டும்போது, அந்தப் பெயரை மெல்லச் சொல்லிக்கொள்கிறேன். அவள் இவ்விரு கூட்டத்தாருள் எதில் இருக்கிறாள் என்று அறியாததால் இரண்டு இடத்திலும் சொல்கிறேன்.